சத்தம் வேறு... சக்தி வேறு! (அமெரிக்க மசில் காருக்கு ஹெடர் மாட்டும் கதை)



போன மாதம் நம்ம சைக்கிள் ஸ்டாண்டில் ஒரு பெரிய சண்டை. பயப்படாதீங்க, வாய்ச் சண்டைதான். "எங்க அண்ணன் பைக்குல சைலன்சரைக் கழட்டப் போறாரு. கழட்டினா பவர் ஏறும்டா" என்றான் ஒருவன். "சத்தம்தான்டா ஏறும், பவர் எங்கேருந்து ஏறும்?" என்றான் இன்னொருவன். முதல் ஆள் விடவில்லை. "அமெரிக்காவுல பழைய கார்ல எல்லாம் ஹெடர்னு ஒண்ணு மாட்டுறாங்க. மாட்டின உடனே சிங்கம் மாதிரி உறுமுது, பவரும் ஏறுது. அப்போ அவங்க எல்லாம் முட்டாளா?" என்று ஒரே போடாகப் போட்டான். யாருக்கும் பதில் தெரியவில்லை. அதற்குள் மணி அடித்துவிட்டது.

அந்தக் கேள்வி என் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. கிடைத்ததை எல்லாம் படித்தேன். என் தாய்மாமா மெக்கானிக். அவர் பட்டறையில் உட்கார்ந்தும் நச்சரித்தேன். அதன் பலன்தான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்!

மசில் கார் என்றால் என்ன?

'மசில்' என்றால் தசை. நடுத்தர அளவு காருக்குள் பெரிய இன்ஜினைத் தூக்கி வைத்தால் அது மசில் கார். 1964-ல் வந்த போன்டியாக் ஜி.டி.ஓ. காரில் இருந்துதான் இந்தக் கதை தொடங்கியது என்று பலரும் சொல்வார்கள். அதன் இன்ஜின் 389 கன அங்குலம், அதாவது சுமார் 6.4 லிட்டர்! அதன் பின் செவ்ரோலே செவெல், கமாரோ, டாட்ஜ் சார்ஜர் என்று வரிசையாக வந்தன. 1970-களின் தொடக்கத்தில் புகைக் கட்டுப்பாடு, இன்சூரன்ஸ் செலவு, 1973 பெட்ரோல் தட்டுப்பாடு எல்லாம் சேர்ந்து அந்தக் காலத்தை முடித்துவைத்தன. ஆனால் அந்தக் கார்களை இன்றும் அமெரிக்காக்காரர்கள் தங்கள் வீட்டு ஷெட்டிலேயே கழட்டி மாட்டி, பிள்ளை மாதிரி வளர்க்கிறார்கள்.

நாம் உதாரணத்துக்கு 1969 கமாரோவை எடுத்துக்கொள்வோம். அதில் கிடைத்த இன்ஜின்களில் ஒன்று 350 கன அங்குலம், அதாவது 5.7 லிட்டர். எட்டு சிலிண்டர், இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு. முன்னால் இருந்து பார்த்தால் 'வி' எழுத்து மாதிரி இருப்பதால் வி-8. நம்ம பழைய அம்பாசடர் இன்ஜின் மொத்தமே 1489 சி.சி. கமாரோவில் இரண்டே சிலிண்டர் சேர்ந்தால் கிட்டத்தட்ட ஒரு முழு அம்பாசடர் இன்ஜின்!

மூச்சை வெளியே விடணும்ல?

இன்ஜினும் நம்மை மாதிரிதான். மூச்சை இழுக்கணும், வெளியே விடணும். வெளியே விட்டால்தான் அடுத்த மூச்சை இழுக்க இடம் இருக்கும். நாலு ஸ்ட்ரோக் இன்ஜினில் கடைசி ஸ்ட்ரோக்கின் வேலை எரிந்த புகையை வெளியே தள்ளுவது.

அது எவ்வளவு வேகமாக நடக்கிறது தெரியுமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால், ஒரு நொடிக்கு 50 சுற்று. இரண்டு சுற்றுக்கு ஒரு முறை ஒரு சிலிண்டர் புகை விடும். அப்படியானால் ஒரு சிலிண்டர் நொடிக்கு 25 முறை. எட்டு சிலிண்டருக்கு 200 முறை! ஒவ்வொரு முறையும் கிடைக்கும் நேரம் சுமார் நொடியில் நூறில் ஒரு பங்கு. அந்த நேரத்துக்குள் புகை வெளியே போகலைன்னா, மிச்சம் உள்ளேயே தங்கிவிடும். அடுத்து வரும் பெட்ரோல் காற்றுக்கு இடம் குறையும். பவரும் குறையும்.

கம்பெனியில் இருந்து வரும்போது இந்தப் புகையை வாங்கி வெளியே அனுப்ப ஒரு வார்ப்பிரும்புத் துண்டு இருக்கும். அதன் பெயர் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு. செய்வதற்குச் செலவு குறைவு, சத்தம் குறைவு, பல வருஷம் உழைக்கும். ஆனால் ஒரு குறை உண்டு. நாலு சிலிண்டரின் புகையும் ஒரே குட்டைக் குழாய்க்குள் விழும்.

நம்ம பள்ளியையே நினைத்துப் பாருங்கள். சாயங்காலம் மணி அடித்ததும் நாலு வகுப்பும் ஒரே வராண்டாவில் விழுந்து ஓடினால் என்ன ஆகும்? இடித்துக்கொண்டு நிற்போம். சில பேர் வகுப்புக்குள்ளேயே திரும்பித் தள்ளப்படுவார்கள். மேனிஃபோல்டில் நடப்பதும் இதுதான். ஒவ்வொரு வகுப்புக்கும் தனித்தனி வழி போட்டு, எல்லா வழியும் ஏறக்குறைய ஒரே நீளத்தில் ஓடி, கேட்டுக்குப் பக்கத்தில் மட்டும் ஒன்று சேர்ந்தால்? அதுதான் ஹெடர்! ஒரு பக்கத்துக்கு நாலு தனிக் குழாய். நாலும் கடைசியில் சேரும் இடத்துக்கு 'கலெக்டர்' என்று பெயர் (மாவட்ட கலெக்டர் இல்லை!).

இந்தக் கமாரோ இன்ஜினில் பிளக் எரியும் வரிசை 1-8-4-3-6-5-7-2. ஒரு பக்கம் 1, 3, 5, 7. மறுபக்கம் 2, 4, 6, 8. இப்போது வரிசையை மறுபடி பாருங்கள். 5-ம் 7-ம் பக்கத்துப் பக்கத்து சிலிண்டர். ஒன்றன் பின் ஒன்றாக எரிகின்றன. 5-ன் புகை முழுசாகப் போவதற்குள் 7-ன் கதவு திறந்துவிடும். அங்கேதான் முட்டல். தனிக் குழாய் இருந்தால் அந்த முட்டல் குறையும்.

பஸ்ஸும் குப்பைக் காகிதமும்

ஹெடரில் இன்னொரு வித்தையும் இருக்கு. பஸ் வேகமாகப் போனால், பின்னாடியே தூசியும் காகிதமும் இழுபட்டு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். பஸ்ஸுக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைவதுதான் காரணம். குழாயில் ஓடும் புகையும் அப்படித்தான். ஒரு புகை உருண்டை வேகமாக ஓடும்போது அதன் வாலில் அழுத்தம் குறையும். அந்தக் குறைந்த அழுத்தம் சிலிண்டரில் மிச்சம் இருக்கும் புகையை உறிஞ்சி இழுக்கும். ஒரு சிலிண்டர் ஓடிய வேகம் கலெக்டர் வழியாக அடுத்த சிலிண்டருக்கும் உதவும். குழாயின் நீளமும் அகலமும் இன்ஜினின் வேகத்துக்குப் பொருந்தினால்தான் இந்த உதவி கிடைக்கும்.

அதனால் 'பெரிய குழாய் போட்டால் பெரிய பவர்' என்பது தப்பு. தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ஓஸ் பைப்பின் வாயைக் கட்டைவிரலால் பாதி மூடினால் தண்ணீர் வேகமாகப் பாய்கிறது இல்லையா? குழாய் ரொம்ப அகலமானால் புகையின் வேகம் செத்துவிடும். இழுவை போய்விடும். ரோட்டில் ஓட்டும் 350 இன்ஜினுக்கு 1⅝ அங்குலம் (சுமார் 41 மி.மீ.) அகலக் குழாயே வழக்கம். ரேஸுக்குத் தயார் செய்த இன்ஜினுக்கு 1¾ அங்குலமோ அதற்கு மேலோ போவார்கள்.

ஹெடரில் வகைகளும் உண்டு. நீளக் குழாய் ஹெடரில் பவர் அதிகம் கிடைக்கும், மாட்டுவது கஷ்டம். குட்டைக் குழாய் ஹெடரை மாட்டுவது சுலபம், பலன் கொஞ்சம்தான். நாலு குழாய் முதலில் இரண்டாகி, பிறகு ஒன்றாகும் வகைக்கு 'டிரை-ஒய்' என்று பெயர். 1965 ஷெல்பி ஜி.டி.350 காரில் இந்த வகைதான் இருந்தது. அந்த ஃபோர்டு இன்ஜின் முதலில் 271 குதிரைத்திறன். ஹெடர், பெரிய கார்புரேட்டர், அலுமினிய இன்டேக் மேனிஃபோல்டு எல்லாம் மாட்டி அதை 306 ஆக்கினார்கள். கவனியுங்கள், ஹெடர் மட்டும் தனியாக அதைச் செய்யவில்லை. கூட்டணிதான் ஜெயித்தது.

உங்களுக்குத் தெரியுமா?
அந்தக் காலத்தில் அமெரிக்கக் கம்பெனிகள் இன்ஜினைக் காரில் வைக்காமல், மேடையில் தனியாக வைத்து, சைலன்சர் போன்ற பாரம் இல்லாமல் பவரை அளந்து விளம்பரம் செய்தன. 1971 கமாரோவின் 350 இன்ஜின் ஒன்றுக்கு அப்படி அளந்தால் 270 குதிரைத்திறன். காரில் இருப்பது போலவே எல்லாம் மாட்டி அளந்தால் 210 தான்! 1972-ல் இருந்து இரண்டாவது கணக்கே வழக்கமானது. ஆக, புகை வெளியே போகும் வழியும் பவரைத் தின்னும் என்பது கம்பெனிக்காரர்களுக்கே தெரிந்த விஷயம்.

இப்போது மாட்டுவோமா?

கம்பெனி கொடுத்ததைக் கழட்டிவிட்டு வேறு கம்பெனி தயாரித்த பாகத்தை வாங்கி மாட்டுவதை அமெரிக்காவில் 'ஆஃப்டர்மார்க்கெட்' என்பார்கள். பெட்டியில் 'அப்படியே பொருந்தும்' என்று எழுதியிருக்கும். மாமா சிரிக்கிறார்: "மாப்ளே, அப்படியே பொருந்துறது பெட்டிக்குள்ள மட்டும்தான்டா!"

1. முதல் நாள் ராத்திரியே பழைய போல்ட்டுகளில் துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவைக்கணும். 50 வருஷத்துக்கு மேல் சூடாகி ஆறிய போல்ட்டு அது. அவசரப்பட்டால் தலை முறிந்து, உடம்பு இன்ஜின் ஹெட்டுக்குள் மாட்டிக்கொள்ளும். பிறகு அதைத் துளைபோட்டு எடுப்பதற்குள் ஒரு நாள் போய்விடும்.

2. இன்ஜின் நன்றாக ஆறியிருக்கணும். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழட்டணும். பைக் சைலன்சரில் காலைச் சுட்டுக்கொண்டவர்கள் நம்ம வகுப்பிலேயே பாதிப் பேர் இருக்கோம். அந்தச் சூட்டை ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும்.

3. சமமான சிமெண்டுத் தரையில் காரை ஜாக்கியால் தூக்கி, நாலு பக்கமும் உறுதியான இரும்பு ஸ்டாண்டு வைக்கணும். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகவே கூடாது. மாமா சொல்வது: "ஜாக்கி தூக்குறதுக்கு, ஸ்டாண்டு தாங்குறதுக்கு." இந்த ஒரு வரியை மறந்தவர்கள் உயிரையே விட்டிருக்கிறார்கள்.

4. பிளக் ஒயர்களில் நம்பர் சீட்டு ஒட்டிவிட்டுக் கழட்டணும். பிளக்குகளையும் எடுத்துவிடணும், இல்லையென்றால் குழாய் இடித்து உடையும். ஆயில் அளவு பார்க்கும் குச்சியின் குழாயையும் எடுக்க வேண்டி வரலாம்.

5. மேனிஃபோல்டை அடிக்குழாயிலிருந்து பிரித்து, பிறகு ஹெட்டிலிருந்து கழட்டணும். வார்ப்பிரும்பு, நல்ல கனம். கடைசி போல்ட்டை எடுக்கும்போது இன்னொரு ஆள் பிடித்துக்கொள்ளணும்.

6. ஹெட்டின் முகத்தில் ஒட்டியிருக்கும் பழைய கேஸ்கெட்டைச் சுத்தமாகச் சுரண்டணும். புது ஹெடரின் தட்டு நேராக இருக்கா என்று இரும்பு ஸ்கேல் வைத்துப் பார்க்கணும். வெல்டிங் சூட்டில் தட்டு வளைந்திருக்க வாய்ப்பு உண்டு. வளைந்த தட்டு ஒழுகும்.

7. நீளக் குழாய் ஹெடரைப் பெரும்பாலும் கீழே இருந்துதான் மேலே ஏற்றணும். ஸ்டீயரிங் பாக்ஸ், செல்ஃப் மோட்டார், கிளட்ச் கம்பி, ஆயில் ஃபில்டர் எல்லாம் வழியில் நிற்கும். சில நேரம் செல்ஃப் மோட்டாரைக் கழட்டணும். சில நேரம் இன்ஜின் மவுண்டைத் தளர்த்தி இன்ஜினையே கொஞ்சம் தூக்கணும். இங்கேதான் பாதிப் பேருக்குக் கோபம் வந்து சுத்தியலை எடுப்பார்கள்.

8. புதுக் கேஸ்கெட்டை வைத்து, ஒரு பக்கத்துக்கு ஆறு போல்ட்டு, இரண்டு பக்கமும் பன்னிரண்டு. ஒரு பக்கத்தின் ஆறையும் முதலில் கையாலேயே நாலு சுற்று ஏற்றணும். ஒன்றை மட்டும் முறுக்கிவிட்டால் மற்ற ஓட்டைகள் நேராக வராது. பிறகு நடுவில் இருந்து ஓரத்துக்கு, கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு மூன்று தடவையில் இறுக்கணும். அளவு பொதுவாக 20 முதல் 25 அடி-பவுண்டு. கேஸ்கெட் கம்பெனி சொன்ன அளவு இருந்தால் அதுதான் சட்டம். பலசாலி என்று காட்ட அதற்கு மேல் முறுக்கினால் மரை தேய்ந்துவிடும்.

9. கலெக்டர் முடியும் இடம் பழைய குழாய்க்கு ஒத்துவராது. பின்னால் போகும் குழாயை வெட்டி, புதிதாக வெல்டிங் வைத்து, சைலன்சரோடு சேர்க்கணும். ஆமாம், சைலன்சரோடு! ரோட்டில் ஓடும் மசில் காரிலும் சைலன்சர் இருக்கு. ஹெடர் மாட்டுவது வேறு, சைலன்சரைக் கழட்டுவது வேறு.

10. பிளக் ஒயர், பிரேக் குழாய், பெட்ரோல் குழாய், செல்ஃப் மோட்டார் கேபிள் எதுவும் ஹெடரைத் தொடக்கூடாது. வார்ப்பிரும்பை விட மெல்லிய குழாய் என்பதால் சூடு சீக்கிரம் வெளியே வரும். செல்ஃப் மோட்டார் சூட்டில் வெந்து, வண்டியை நிறுத்தினால் ஆறும்வரை மறுபடி ஸ்டார்ட் ஆகாமல் அடம் பிடிக்கும் தொல்லை இதனால்தான் வருது.

மாட்டியாச்சு. வேலை முடிந்ததா? இல்லை. முதல் தடவை திறந்த வெளியில்தான் ஸ்டார்ட் செய்யணும். பெயிண்டும் கைப்பட்ட எண்ணெயும் எரிந்து புகை வரும். இன்ஜின் சூடாகி, முழுசாக ஆறியதும் போல்ட்டுகளை மறுபடி இறுக்கணும், ஏனென்றால் கேஸ்கெட் அழுந்தி போல்ட்டு தளர்ந்திருக்கும். காற்று நன்றாக ஓடுவதால் பெட்ரோல் விகிதம் குறைந்துபோகலாம். அப்போது கார்புரேட்டரில் ஜெட் மாற்றணும்.

மூக்குக்குத் தெரியாத எமன்

இதுவரை சொன்னதை மறந்தாலும் இந்தப் பகுதியை மறக்காதீர்கள். இன்ஜின் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கு. நிறம் இல்லை, மணம் இல்லை. நம்ம ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக இதைப் பிடித்துக்கொள்ளும் என்று அறிவியல் சொல்கிறது. முதலில் தலைவலி, தலைசுற்றல், குமட்டல். பிறகு தூக்கம் மாதிரி வரும். அந்தத் தூக்கம் கலையாமலே போகலாம்.

ஹெடர் கேஸ்கெட்டில் ஒரு சின்ன ஒழுகல் போதும். பழைய காரில் இன்ஜினுக்கும் ஆட்கள் உட்காரும் இடத்துக்கும் நடுவில் உள்ள தகரத்தில் துருப்பிடித்த ஓட்டைகள் இருந்தால், அந்த வாயு நேராக உள்ளே வரும். குளிர் தாங்காமல் ஷெட் கதவை மூடிவிட்டு இன்ஜினை ஓடவிட்டவர்கள் அமெரிக்காவில் செத்துப்போயிருக்கிறார்கள். நம்ம ஊரிலும் இது பொருந்தும். மூடிய இடத்தில் காரை நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, ஏ.சி. போட்டுத் தூங்கவே கூடாது. வீட்டில் கார் உள்ளவர்கள் இன்றைக்கே போய்ச் சொல்லுங்கள்.

ஒழுகலைக் கண்டுபிடிப்பது எப்படி? ஆறின இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் 'டிக் டிக்' என்று சத்தம் வந்து, சூடாக ஆகக் குறைந்தால் சந்தேகப்படணும். இன்ஜினை அணைத்து, நன்றாக ஆறவிட்டு, பின்னால் புகைக்குழாய் வழியாக வாக்குவம் கிளீனரின் ஊதும் பக்கத்தால் காற்றடித்து, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவினால் ஒழுகும் இடத்தில் நுரை பொங்கும். சைக்கிள் டியூப் பஞ்சருக்குத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிப் பார்க்கிறோமே, அதே கதைதான்!

சைக்கிள் ஸ்டாண்டு சண்டைக்குத் தீர்ப்பு

இப்போது அந்த நண்பனின் கேள்விக்கு வருகிறேன். அமெரிக்காக்காரர்கள் முட்டாள் இல்லை. ஹெடரால் பவர் ஏறுவது நிஜம். ஆனால் அதன் காரணம், நாலு சிலிண்டருக்கு ஒரே வழியாக இருந்ததை நாலு வழியாகப் பிரித்ததுதான். உன் அண்ணன் பைக்கில் எத்தனை சிலிண்டர்? ஒன்றே ஒன்று! அதற்குக் கம்பெனியே தனிக் குழாய் கொடுத்தாச்சு. பிரிப்பதற்கு அங்கே எதுவும் இல்லை. சைலன்சரைக் கழட்டினால் கம்பெனி அளந்து வைத்த குழாய் நீளமும் பெட்ரோல் விகிதமும் கெட்டு, மெதுவாகப் போகும்போது இழுவை குறைய வாய்ப்பு அதிகம். கூடுவது சத்தம்தான். காதில் சத்தம் கேட்டதும் மனசு 'பவர்' என்று நினைத்துக்கொள்கிறது. அவ்வளவுதான்.

சட்டமும் இருக்கு. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது. 1989 விதிகளில் 120-ம் விதி, வண்டிக்குச் சைலன்சர் கட்டாயம் என்கிறது. சட்டத்தை விடுங்கள். நம்ம பள்ளிக்கு எதிர்த் தெருவிலேயே பிரசவ ஆஸ்பத்திரி இருக்கு. அங்கே தூங்கும் பச்சைக் குழந்தைக்கு உங்க பவர் எதுக்கு?

மாமாவிடம் கடைசியாக ஒன்று கேட்டேன். "நல்ல வண்டின்னு எப்படி மாமா கண்டுபிடிக்கிறது?" அவர் சொன்னார்: "வேலை ஒழுங்கா நடக்குற இடத்துல தேவையில்லாத சத்தம் இருக்காதுடா மாப்ளே." நம்ம வகுப்பறைக்கும் அது பொருந்தும் என்று ஆசிரியர்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது!

நண்பா, உன் அண்ணன் இன்னும் சைலன்சரைக் கழட்டவில்லை என்று கேள்விப்பட்டேன். ஒரு நாள் அவரைக் கூட்டிவந்து இதைப் படிக்கச் சொல். சுவரில் இருந்து கிழித்துக்கொண்டு மட்டும் போய்விடாதே!

சிந்திக்க: புகை போக வழி வேண்டும். ஊர் தூங்க அமைதி வேண்டும். இரண்டையும் தருவதே நல்ல பொறியியல்.



இப்படிக்கு,
பதினொன்றாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்